வைத்திலிங்கத்தின் இரண்டு குரல்கள்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு அன்புக்கரசி முதன்முதலாக வைத்திலிங்கத்தின் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. ஒன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. மற்றொன்று சற்றுத் தள்ளிப் போய்க் கவிழ்ந்தது. வந்திருப்பவர் அவசரக்காரர் என்று அவர் எண்ணிக்கொண்டார். கூட வந்த காலடி அவருக்குப் பழக்கமானது. பக்கத்து மனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வேணு எங்கே போனாலும் சுட்ட இரும்பின் வாடை அவனுக்கு முன்பே போய்விடும்.

“சார், கம்ப்யூட்டர் பாக்கற ஆள இட்டுக்கினு வந்துட்டேன். மெயின் ரோட்ல செராக்ஸ் கடை வச்சிருக்குதே, அந்தப் பொண்ணு” என்றான் வேணு.

“பொண்ணா? எம் பையன் அடுத்த வருஷம் பத்தாவது எழுதப் போறான். எட்டு வருஷமா கடை நடத்திக்கினு இருக்கேன்னு சொல்லுங்கண்ணா, சாரு நம்பி பொட்டியக் குடுப்பாரு” என்றாள் அவள். பிறகு குரல் மேசைப் பக்கம் திரும்பியது. “கடைசியா ஸ்கிரீன்ல என்ன சார் வந்துச்சு? நீலமா எதுனா வந்துச்சா? ஆமா, மானிட்டர் எங்க? கழட்டி வச்சிட்டீங்களா?”

“மானிட்டர் எனக்கு எதுக்கும்மா?” என்றார் வைத்திலிங்கம்.

அவள் தணிந்த குரலில் வேணுவைக் கடிந்துகொள்வது கேட்டது.

“ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாண்ணா?”

“நீ கேக்கலயே.”

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை. கணினி ஊமையாகி மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளில் அவர் பேசியது பால்காரரிடமும் வேணுவிடமும்தான். அதுவும் தேவைக்கு மட்டும்.

அவர் திருவதிகையில் பிறந்தவர். நான்கு வயதில் அம்மை வந்து இரு கண்களும் போயின. கடலூரில் விடுதியில் தங்கிப் படித்தார். எண்பத்திரண்டாம் ஆண்டு நெய்வேலியில் தொலைபேசி நிலையத்து வேலை கிடைத்தது. அன்றுமுதல் முப்பத்திரண்டு ஆண்டுகள், சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் இடையில் யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களைச் சேர்த்துவைப்பதே அவர் வேலையாக இருந்தது. சேர்த்துவைத்த மறுநொடி விலகிக்கொள்வதும் அந்த வேலையின் ஒரு பகுதி. மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஷிப்ட் வேலையைக் காரணம் சொன்னார். ஷிப்ட் வேலை பார்த்த மற்றவர்களெல்லாம் மணம் செய்துகொண்டிருந்ததை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

வாசிப்பு ஒன்றில்தான் அவருக்குத் தீராத பசி. பிரெய்லில் கிடைத்தவை மிகச் சில. மற்றவற்றுக்கெல்லாம் பிறர் கண்ணை இரவல் வாங்க வேண்டியிருந்தது. வாசித்துக் காட்டியவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் ஒருவருக்குப் பேருந்துக்கு நேரமாகும். ஒருவருக்குக் கொட்டாவி வரும். ஒருவர் நடுவில் நான்கு பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தொடர்வார். பக்கம் தள்ளப்பட்டது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அந்த நான்கு பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று தாமே கட்டிக்கொண்டு கிடப்பார்.

இரண்டாயிரத்து இரண்டில் அந்த இரவல் முடிந்தது. சென்னையில் ஒரு சிறு குழுவினர் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்து குறுந்தகட்டில் கொடுத்தார்கள். அதன் ஆண்குரல் அழகானதென்று சொல்ல முடியாது. சொல்லின் நடுவில் மூச்சு விடும். கேள்வியையும் செய்தி போலவே படிக்கும். கதையில் யார் செத்தாலும் அதே ஒலியில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். ஆனால் அது களைப்படைந்ததில்லை, பக்கத்தைத் தள்ளியதில்லை, அவருக்காக இரக்கப்பட்டதும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நூல்களை அவர் அந்தக் குரலில் கேட்டார். சிலவற்றை இணையத்திலிருந்து எடுத்தார். சிலவற்றைத் தட்டச்சு செய்பவர்களிடம் கொடுத்து அடித்து வாங்கினார். எல்லாமே அக்காலத்து எழுத்துருவில் இருந்தன. அந்தக் குரலுக்குத் தெரிந்ததும் அந்த எழுத்துரு மட்டுமே.

ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது நெய்வேலியில் எல்லாருக்கும் தெரிந்த விதி. உடன் வேலை பார்த்தவர்கள் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் தஞ்சாவூருக்கும் பிரிந்து போனார்கள். தமக்கை ருக்குமணி திருவதிகையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

“அங்க ஒண்டியா என்னா பண்ணப் போற? நம்ம வூட்ல ஒரு ரூமு சும்மாத்தான் கெடக்குது. வந்துடு. பேரப் பசங்க ஒனக்குப் படிச்சிக் காட்டுவாங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைப் போகவிடாமல் தடுத்தது. நகரியத்துக்கு வெளியே, இந்திரா நகரில், ஒற்றை அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கணினியைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அன்புக்கரசி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே முகர்ந்து பார்த்தாள். அவருக்கும் அந்த வாடை எட்டியது.

“போர்டு வெந்து போச்சு சார். யூபிஎஸ் எங்க?”

“அப்படி ஒண்ணு வச்சதில்லையே.”

“ஸ்டெபிலைசர்?”

“அதுவும் இல்ல.”

“சார், நீங்க எந்த நாட்ல இருந்தீங்க?”

“குவார்ட்டர்ஸ்ல. பதினெட்டாம் வட்டம்.”

“அதான பாத்தேன்! கரண்டு செய்ற எடத்துக்குள்ளயே குடியிருந்தா அது போகும் வரும்ங்கறது எப்பிடித் தெரியும்? இந்த வேணு அண்ணன் ராடு வச்சிப் பத்த வைக்கறப்பல்லாம் தெருவுல இருக்கற அத்தன வூட்டு லைட்டும் மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். அதப் பாத்துத்தான் நாங்கெல்லாம் சுவிட்ச அணைப்போம்.”

“சாரு லைட்டே போட மாட்டாரே” என்றான் வேணு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. “அய்யோ, நான் அப்பிடிச் சொல்லல சார்…”

“உண்மைதானே, விடு” என்றார் வைத்திலிங்கம். மின்விசிறி அவ்வப்போது தொய்ந்து மீள்வதை அவர் கேட்டிருந்தார். வாடகை வீட்டு விசிறி, பழசாகியிருக்கும் என்று நினைத்திருந்தார். கணினியை இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருப்பது குவார்ட்டர்ஸில் படிந்த பழக்கம்.

நல்ல வேளையாக வன்தட்டு தப்பித்திருந்தது. நூல்களெல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. புதிய கணினி வாங்குவதென்று முடிவாயிற்று. அவள் அதை மறுவாரம் கொண்டுவந்து பொருத்தினாள். தன் கடையிலிருந்து ஒரு மானிட்டரையும் யூபிஎஸ் ஒன்றையும் தூக்கி வந்திருந்தாள். குறுந்தகட்டைச் செருகினாள். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அந்த நிறுத்தங்கள் நீண்டுகொண்டே போனதிலிருந்து வைத்திலிங்கம் புரிந்துகொண்டார்.

“ஏறல, இல்லையா?”

“ஏறல சார். இந்த நிரலு இந்தப் பொட்டிக்கு ஒத்து வராது, செஞ்சவங்களையே போய்க் கேளுங்குது.”

செய்தவர்களை அவர் அன்றே கேட்டுப்பார்த்தார். குறுந்தகட்டு உறையில் இருந்த எண்ணை அவள் படித்துச் சொல்ல, அவர் சுழற்றினார். பதில் வருவதற்கு முன்பே, கோட்டில் கேட்ட ஓசையைக் கொண்டே, அந்த எண் உயிரோடு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இதுல என்னதாம்மா சிக்கல்? புரியற மாதிரி சொல்லுங்க.”

“உங்க குரல உள்ள கொண்டாந்து வைக்கறதுக்குன்னு ஒரு சின்ன நிரல் இருக்குது சார். அது பதினாறு பிட்டுல செஞ்சது. ரொம்பப் பழசு. குரலு முப்பத்திரண்டு. இந்தப் புது பொட்டி அறுபத்திநாலு. முப்பத்திரண்டுன்னா போனாப் போகுதுன்னு ஒரு ஓரமா ஒக்கார வைக்கும். பதினாறுன்னா வாசப்படியே ஏறக் கூடாது. ஸ்கிரீன்ல இருக்கறத எடுத்துக் குடுக்கற டிரைவரும் பழசு. அதையும் இது தொட மாட்டேங்குது.”

“பழைய பெட்டியே ஒண்ணு வாங்கிட்டா?”

அதையும் செய்து பார்த்தார்கள். விருத்தாசலத்தில் யாரோ கழித்துப் போட்ட கணினி ஒன்றை அவள் தேடிப் பிடித்து வந்தாள். அது பத்து நாள் ஓடியது, ஒரு மதியம் கருகியது. அந்தக் காலத்துப் பலகை இனி எங்கும் வராது என்று சொல்லிவிட்டாள்.

வைத்திலிங்கம் நெடுநேரம் யோசித்துவிட்டு, தம் தொழிலிலிருந்து ஒன்றைச் சொன்னார்.

“எங்க எக்சேஞ்சு எலக்ட்ரானிக்கா மாறினப்ப பழசும் புதுசும் கொஞ்ச நாள் சேந்து ஓடிச்சி. பழைய நம்பர்ல இருக்கறவன் புது நம்பர்க்காரனோட நேரா பேச முடியாது. ரெண்டுக்கும் நடுவுல நான் ஒக்காந்து, இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுத்தேன். அப்படி நடுவுல ஒக்கார ஏதும் இல்லையா?”

“இருக்குதே!” என்றாள் அவள். நாற்காலி பின்னால் நகர்ந்த வேகத்திலேயே அவள் மகிழ்ச்சி தெரிந்தது. “எனக்கு ஏன் சார் தோணாமப் போச்சு? பொட்டிக்குள்ளயே ஒரு பொய்ப் பொட்டி உண்டாக்கலாம். அதுக்குள்ள உங்க பழைய டிஸ்க்க அப்பிடியே எறக்கிடலாம். அதுக்குப் பாவம், இது எந்த வருஷம்னே தெரியாது. இன்னும் ரெண்டாயிரத்து ரெண்டுன்னு நெனச்சிக்கினு வேல செஞ்சிக்கினு இருக்கும்.”

“என்னைப் போலன்னு சொல்லுங்க.”

“நீங்களே சொல்லிக்கினா நான் என்ன பண்ண முடியும்?”

அந்த வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. இரண்டாம் ஞாயிறு, பட்டறையில் வேணு உணவுக்காக வேலையை நிறுத்தியிருந்த பொழுதில், ஒலிபெருக்கி கரகரத்தது. “ணக்கம். தயார்” என்றது பழைய குரல். முதல் எழுத்து எங்கோ விழுங்கப்பட்டிருந்தது. இரவல் பெட்டிக்குள் குடியிருப்பதால் சற்றே திக்கவும் செய்தது. வைத்திலிங்கம் விசைப்பலகையின் மேல் கைகளை வைத்தபடி அப்படியே இருந்தார். அன்புக்கரசி கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, “அழுதீங்கன்னா நானும் அழுதுடுவேன் சார், எனக்குக் கடைக்கு நேரமாச்சு” என்றாள்.

ஆனால் ஒரு குரல் மட்டும் போதவில்லை. இணையத்தில் செய்தித்தாள்களும் வங்கியின் பக்கமும் எப்போதோ யூனிகோடு எழுத்துக்கு மாறியிருந்தன. பழைய குரல் அவற்றைப் படிக்கத் தொடங்கினால் கேள்விக்குறி, கேள்விக்குறி என்று முடிவின்றி அடுக்கிக்கொண்டே போகும். ஆகவே இலவசமாகக் கிடைத்த புதிய குரல் ஒன்றையும் அவள் வெளிப்பெட்டியில் ஏற்றினாள். தமிழை எங்கோ தொலைதேசத்தில் ஏட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல் அது விரைந்து பேசியது. அதனிடம் அவருடைய பழைய நூல்களைக் கொடுத்தால், ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் தாறுமாறாக ஒப்பித்தது.

முதல்நாள் இரண்டும் ஒருசேர விழித்துக்கொண்டன. அவர் ஒரு விசையைத் தட்டினார். இரண்டும் பதில் சொல்லின. நிறுத்துவதற்காக வேறொன்றைத் தட்டினார். அதற்கும் இரண்டும் பதில் சொல்லின. ஒன்று கதையை இழுத்து இழுத்துப் படிக்க, மற்றது அதன் மேலேறி விசைகளின் பெயரைக் கத்தியது.

வேணு பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தான். “என்னா சார், வூட்ல பஞ்சாயத்தா? யாரோ ரெண்டு பேரு மல்லுக் கட்டிக்கினு இருக்காங்களே!”

“ஆமாம்ப்பா. பங்காளிங்க” என்றார் வைத்திலிங்கம்.

ஒன்றை அணைத்தால்தான் மற்றதைக் கேட்க முடியும் என்றாயிற்று. அவர் தயங்காமல் புதியதை அணைத்தார். கணினியைத் திறந்தவுடன் பழைய குரலே தானாக எழும்படி அன்புக்கரசி அமைத்துக் கொடுத்தாள்.

அதில் ஒரு குறை இருந்தது. மின்சாரம் நீண்ட நேரம் போய் யூபிஎஸ்ஸும் ஓய்ந்துவிட்டால், மறுமுறை திறக்கும்போது உள்ளே இருக்கும் பெட்டி ஒரு கேள்வி கேட்கும்: சென்ற முறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை, எப்படித் தொடங்கட்டும் என்று. அதைத் திரையில் எழுதிக் காட்டும். குரலோ இன்னும் எழுந்திருக்காது. கண் உள்ளவர் ஒருவர் பார்த்து, சரியான விசையை அழுத்த வேண்டும். சில சமயம் அதற்குப் பின் இன்னொரு கேள்வியும் வரும். அவளுடைய மானிட்டர் மேசையிலேயே தங்கியது அதற்காகத்தான். அந்த வீட்டில், வீட்டுக்காரருக்குப் பயன்படாத பொருள் அது ஒன்றே.

ஒருமுறை வேணுவை அழைத்துக் கேட்டார்.

“ஏதோ வெள்ள வெள்ளயா எழுதிக்கினு இருக்குது சார். இங்கிலீசு. மூணு வரி. இல்ல, நாலு. எதன் மேல கை வைக்க? நான் எதுனா தட்டி வெடிச்சிடப் போவுது சார், நீங்க அந்தப் பொண்ணையே கூப்டுக்குங்க.”

ஆகவே அவளே வந்தாள். மகனைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்துவாள், செருப்பு இரண்டு இடத்தில் விழும், இரண்டு விசை, ‘ணக்கம், தயார்’, போய்விடுவாள். பிறகு அவர் பிளாஸ்க்கில் தேநீர் வாங்கி வைக்கத் தொடங்கினார். அவள் நின்றபடியே குடித்துக்கொண்டு பேசினாள். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் தகப்பனாருக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போனதையும், கணவனின் கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆகாமல் இழுபடுவதையும், செராக்ஸ் எடுக்க வருபவர்கள் வீட்டுக் கதையையெல்லாம் கொட்டிவிட்டுப் போவதையும் சொன்னாள். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் காதில் வந்து விழுந்த குரல்களெல்லாம் வேறு ஒருவரைத் தேடி வந்தவை. இது அவரிடமே பேசியது.

டிசம்பரில் பத்துப் பன்னிரண்டு நாள் மின்சாரம் நிற்காமல் இருந்தது. ஒவ்வொரு காலையும் பழைய குரல் தானே எழுந்து வணக்கம் சொன்னது. அவர் வேண்டியதெல்லாம் அதுதான். யாரையும் எதிர்பாராமல் திறப்பது, கேட்பது, மூடுவது. நாவல் ஒன்றை எடுத்துவைத்தார். ஒரு பத்தி கூட மனத்தில் நிற்கவில்லை. ஒன்பது மணிக்குத் தெருவில் ஸ்கூட்டர் ஓசை எது வந்தாலும் காது அங்கே போயிற்று. தேநீர் பிளாஸ்க்கிலேயே ஆறியது.

அதற்கடுத்த நாள் காலை, குரல் படித்துக்கொண்டிருந்தபோதே, அவர் குனிந்து யூபிஎஸ்ஸைத் தடவி, அதிலிருந்து கணினியின் இணைப்பைப் பிடுங்கினார். குரல் ஒரு சொல்லின் பாதியில் அறுந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி செருகினார். பெட்டி இரைந்தது, பேசவில்லை. அவர் தொலைபேசியை எடுத்து, “அம்மா, மறுபடியும் கேள்வி கேக்குது போலிருக்கு” என்றார்.

அவள் வந்தபோது மழை பிடித்திருந்தது. ரெயின்கோட்டிலிருந்து தரையில் நீர் சொட்டும் ஓசை கேட்டது. மூச்சு வாங்கியது. “பையனுக்குக் காய்ச்சல் சார். வூட்ல மாமியார்கிட்ட விட்டுட்டு ஓடியாந்தேன்” என்று சொல்லிக்கொண்டே விசையை அழுத்தினாள். பிறகு, “நேத்தும் இன்னிக்கும் கரண்டு போகலயே? எங்க கடையிலயும் இதே லைன்தானே?” என்றாள். ஐயப்பட்டுக் கேட்கவில்லை, பழுது பார்ப்பவர் கேட்கும் கேள்வியாகத்தான் கேட்டாள்.

“தெரியலம்மா” என்றார் அவர்.

“யூபிஎஸ் பேட்டரி போயிருக்கும். வேற கொண்டாரேன்” என்றாள். தேநீர் வேண்டாம் என்றாள். மேசைக்கு அடியில் புகுந்து, ஒழுங்காக இருந்த இணைப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, மழையில் இறங்கிப் போனாள்.

பழைய குரல் தயாராக இருந்தது. அவர் அதற்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. வாசிப்பவர் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தபோதுகூட ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று கேட்டறியாத மனிதர், காய்ச்சலில் கிடந்த பையனிடமிருந்து தாயைப் பொய் சொல்லி அழைத்திருக்கிறார். அன்று சமையற்கட்டில் அரிசியை ஊறவைத்தார். உலையேற்றத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு முன்பு மின்சாரம் உண்மையாகவே போய் வந்தது. உள்பெட்டி கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் அன்புக்கரசியை அழைத்து, குரல் எழவில்லை என்று சொல்லவில்லை. தம் நூல்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

“முடியும் சார். கன்வெர்ட்டர் இருக்குது. அங்கங்க கொம்பும் காலும் எடம் மாறிப் போகும், பரவால்லயா? ஏன் சார், பழைய ஆளு சரியாப் படிக்கலயா?”

“அவர் நல்லாத்தான் இருக்கார். புது ஆளுக்கும் வேலை குடுக்கலாம்னுதான்.”

அவள் ஒரு நாளில் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கணினியைத் திறந்தால் இனிப் புதிய குரல் முதலில் எழும்படி செய்யச் சொன்னார், செய்தாள். பழைய பெட்டி உள்ளேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம் என்றார். “அழிக்க எனக்கு மட்டும் மனசு வருமா?” என்றாள். அடுத்து வந்த காலைகளில் ஸ்கூட்டர் வாசலில் நிற்கவில்லை. நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

புதிய குரலோடு பழகுவது கடினமாக இருந்தது. அதன் வேகத்தைக் குறைத்தால் குடித்தவர்போல் இழுத்தது. கூட்டினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவருக்கு மனப்பாடமான பத்திகளைக்கூட அது படித்தபோது யாரோ புதியவர் எழுதியதுபோல் இருந்தது. ஆனால் மின்சாரம் போய் வந்தால் அது எந்தக் கேள்வியும் கேட்காமல் எழுந்தது. யாருடைய கண்ணும் வேண்டியிருக்கவில்லை. கோடை தொடங்கும் முன் முதல் நாவலை முடித்தார். முடித்த பிறகு அதைப்பற்றிப் பேச ஆளில்லாததால், அதையே இரண்டாம் முறை தொடங்கினார்.

ஏப்ரலில் அன்புக்கரசியின் மாமியார் கிணற்றடியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். புதுச்சேரி மருத்துவமனையில் கூட இருக்க வேறு ஆளில்லை. கடையைப் பூட்டினால் பள்ளிச் சேர்க்கை நேரத்து வாடிக்கையெல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விடும். செய்தியைச் சொன்ன வேணுவிடம், “நான் போய் ஒக்காந்தா ஆகாதா?” என்று வைத்திலிங்கம் கேட்டார்.

“நீங்களா சார்? செராக்ஸு எடுப்பீங்களா?”

“எடுக்க அங்க ஒரு ஆள் இருக்காராமே. போன் எடுக்கத்தான் ஆளில்லன்னு சொன்னியே. அத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

மூன்று வாரம் அவர் அந்தக் கடையின் தொலைபேசிக்கருகே உட்கார்ந்தார். “வணக்கம், அன்பு கணினியகம். யார் பேசறீங்க?” என்ற அந்தத் தேர்ந்த குரலைக் கேட்ட சிலர், தவறான எண் என்று பயந்து வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். யாருடைய பெட்டி எப்போது தயாராகும் என்பதை ஒவ்வொருவருக்கும் நிதானமாகச் சொன்னார். மாலையில் அவளை மருத்துவமனையில் அழைத்து அன்றைய செய்திகளை ஒப்பித்தார். எதிர்க் கடைக்கு ஒருவரும் போகவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று, கடையைத் திறக்கும் முன்பே அவர் வீட்டுக்கு வந்தாள். அன்று இரண்டு செருப்பும் ஓரிடத்தில் ஒழுங்காகக் கழன்றன.

“என்னா சார் நீங்க, ஒத்த ரூபா வாங்கமாட்டேன்னு சொன்னீங்களாம்.”

“சும்மா ஒக்காந்திருந்ததுக்கு எதுக்கும்மா?”

“சரி, பணம் வேணாம். ஆனா எனக்கு மனசு கேக்காது. நீங்க எப்ப வேணா ஒரு போன் போடுங்க. ஒரு நாள் முழுக்கக் கடையச் சாத்திட்டு வந்து ஒக்காந்து, அந்தப் பழைய ஆள திக்காம, கேள்வி கேக்காம, ஒழுங்காப் பேச வச்சிக் குடுத்துட்டுப் போறேன். நான் எந்த ஊர்ல இருந்தாலும் வருவேன். இது என் கடன். ஞாபகம் வச்சிக்குங்க.”

“வச்சிக்கறேன்” என்றார்.

“இப்ப எப்பிடி இருக்காரு அவரு?”

உள்பெட்டி பொங்கலிலிருந்து யாரும் தொடாமல் கேள்வியோடு நின்றுகொண்டிருந்தது. “நல்லா இருக்கார்” என்றார் வைத்திலிங்கம்.

இரண்டாயிரத்துப் பதினேழில் அவள் கணவனுக்கு வடலூரில் வேலை கிடைத்தது. கடையையும் அங்கே மாற்றிக்கொண்டார்கள். மானிட்டரைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார் வைத்திலிங்கம். “இருக்கட்டும் சார், வந்தா எனக்கு வேணும்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் அழைப்பாள். ஒவ்வொரு முறையும், “ஏன் சார் கூப்டவே மாட்டேங்கறீங்க? நான் சொன்னத மறந்துட்டீங்களா?” என்பாள். “மறப்பேனா? கூப்பிடறேன்மா” என்பார் அவர். வைத்த பிறகு சில நிமிடம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பார்.

அவளுடைய எண் அவருக்கு உறக்கத்திலும் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை ருக்குமணியை அழைத்தார், வங்கியை அழைத்தார், எரிவாயு உருளைக்கு அழைத்தார். வாங்கிய கடன்களையெல்லாம் கையோடு தீர்த்துவிடும் அந்த மனிதர், தமக்கு வரவேண்டிய அந்த ஒரு நாளை மட்டும் கடைசிவரை கேட்டு வாங்கவேயில்லை.